அஷ்டமி, நவமி நல்லது

அந்தமானின் ஹேடோவில் கடல் ஒரு நாளைக்கு நான்கு முறை ஏரியாக மாறுகிறது. அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் முள், நரம்பு, ஈயம், இரை என்று இத்தனை யோசனை.

சென்னையில் ஏறும் கப்பல் சுமார் 1,200 கிலோமீட்டர் கடந்து, மூன்றாம் நாள் வந்து ஒட்டுவது ஹேடோ துறையில். அந்தமானுக்குக் கப்பலேறிய தமிழர்களில் பெரும்பாலோர் முதலில் காலூன்றிய மண் இதுதான். ஊர்ப் பெயர் மாறிவிட்டது. போர்ட் பிளேயர் 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம். ஆனால் ஹேடோ இன்னும் ஹேடோதான். மேட்டில் வீடுகள், சரிவில் கடைகள், கீழே கிடங்குகள், அதற்கும் கீழே கப்பல். தெருவில் இந்தியும் வங்காளமும் தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்தில் புழங்கும். 2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 15 சதவிகிதம். ஹேடோவில் நின்று பார்த்தால் அது குறைவான கணக்காகத் தோன்றும்.

கப்பல் துறைக்குள் தூண்டிலுக்கு இடமில்லை. அது காவலுக்குட்பட்ட வளாகம். ஆனால் ஹேடோவையும் சாத்தம் தீவையும் இணைக்கும் பாலத்தின் பக்கம், 1883-ல் தொடங்கிய மரம் அறுக்கும் ஆலையின் வாசனை காற்றில் வரும் இடத்தில், நீரைப் பார்த்து நிற்பவர்களுக்குப் பஞ்சமில்லை. எதிரே பாம்பூஃபிளாட்டுக்குப் போகும் படகுகள். மேற்கே, லார்ட் மேயோவைக் கொன்ற ஷேர் அலி 1872-ல் தூக்கிலிடப்பட்ட வைப்பர் தீவு. அதற்கும் அப்பால் அலையாத்திக் காடுகளுக்குள் நீளும் கடலின் உள்வாய். மூன்று பக்கமும் குன்றுகள் அணைத்திருப்பதால் வெளிக்கடலின் ஆட்டம் இங்கே எட்டுவதில்லை. முதன்முறை பார்க்கும் தஞ்சாவூர்க்காரர் இதைப் பெரிய ஏரி என்று சொன்னால் குற்றமில்லை.

ஏரி என்ற நினைப்பில் தூண்டில் போட்டால்தான் குற்றம். மேலே அசையாமல் கிடக்கும் இந்த நீர், அடியில் நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்கிறது. ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். பெரிய ஏற்றநாட்களில் மட்டத்துக்கும் மட்டத்துக்கும் சுமார் இரண்டு மீட்டர் வித்தியாசம். அவ்வளவு நீரும் குறுகிய வாய் வழியாகப் போய்வர வேண்டும் என்பதால் நடுநேரத்தில் இழுப்பு பலமாக இருக்கும். 50 கிராம் ஈயம் கட்டிய இரை தரையில் தங்காமல் உருண்டுகொண்டே போகும். ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்குமுன், வற்றம் முடிந்து ஏற்றம் தொடங்குமுன், நீர் சற்று நிற்கும். சில நாள் இருபது நிமிடம், சில நாள் முக்கால் மணி. இப்படி நாளுக்கு நான்கு முறை. அப்போது மட்டும் ஹேடோ உண்மையிலேயே ஏரி.

இங்கேதான் பஞ்சாங்கம் தலைகீழாகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுப்பு அதிகம், நீர் கலங்கும், நிற்கும் நேரமும் சுருங்கும். அரைநிலவு நாட்களில் எல்லாம் அடங்கிப்போகும். ஊரில் எந்த நல்ல காரியத்துக்கும் ஆகாதென்று ஒதுக்கும் அஷ்டமியும் நவமியும், தரையில் மேயும் மீனைத் தேடுகிறவருக்கு வாய்த்த நாட்கள். குறைந்த ஈயம் போதும், மெல்லிய நரம்பு போதும், இரை போட்ட இடத்தில் கிடக்கும். கடலில் பாய்ந்து வேட்டையாடும் பாறை மீனையும் சீலாவையும் துரத்துகிறவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு இழுப்புதான் வேண்டும். வெளிநாட்டினர் விலையுயர்ந்த கழிகளோடு வந்து, வெளித்தீவுகளின் பாறை விளிம்பில் ராட்சதப் பாறை மீனைப் பிடித்து, படமெடுத்து, திரும்ப விட்டுவிட்டுப் போவது அந்த வகை. அது வேறு உலகம், வேறு செலவு.

ஹேடோ பக்கத்துப் பொறுமைசாலிகளின் மனத்தில் இருப்பது விளமீன். ராமேஸ்வரம், தூத்துக்குடிக்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. சிலர் விலைமீன் என்பார்கள். சந்தையில் அதன் விலையைக் கேட்டால் அந்தப் பெயரும் பொருந்தும். ஆங்கிலத்தில் இந்தக் குடும்பத்துக்கு எம்பரர் பிரீம் என்று பெயர். பேரரசர் பட்டம் எப்படி வந்ததோ, பிரீம் என்பது உடல்வாகைப் பார்த்து வந்தது: உயர்ந்த முதுகு, தட்டையான பக்கம், தாழ்ந்த வாய். இங்கிலாந்தின் ஏரிகளில் பிடிபடும் பிரீம் நம் கெண்டைக்குச் சொந்தம், விளமீனுக்கு உறவில்லை. ஆனால் பழக்கத்தில் இரண்டும் ஒன்று. கூட்டமாகத் தரையோரம் மேய்ந்துகொண்டு போகும். வாயால் மண்ணைக் கிளறும். ஒளி மங்கினால் துணிச்சல் வரும். அங்கே பெரிய நீர்த்தேக்கங்களில் பத்துக் கிலோவைத் தாண்டிய பிரீமும் பதிவாகியிருக்கிறது. இங்கே நீலப் புள்ளிகள் பதித்த பெரிய விளமீன் 80 சென்டிமீட்டர் வரை வளரும். எட்டுக் கிலோ எடையும் கண்டிருக்கிறது.

மதராஸ் மருத்துவப் பணியில் இருந்து மீன் ஆராய்ச்சியில் பெயரெடுத்த பிரான்சிஸ் டே, 1870-ஐ ஒட்டி அந்தமான் மீன்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அதற்கு வெகுகாலம் முன்பே இந்தத் தீவுகளின் ஆதிக்குடிகள் வில்லும் அம்பும் கைவலையும் கொண்டு இதே நீரில் மீன் எடுத்தார்கள். முள்ளும் ஈயமும் குடியேறியவர்களின் சாமான்கள். 1950-களிலிருந்து அரசு ஏற்பாட்டில் வந்த ஆந்திர மீனவக் குடும்பங்கள், தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தவர்கள், ஒவ்வொருவரும் அவரவர் கடலின் வழக்கத்தோடு வந்தார்கள். இன்று கடையில் கிடைக்கும் சரக்கில் அந்த வழக்கங்கள் எல்லாம் கலந்து கிடக்கின்றன.

கடைக்குப் போய் "அண்ணே, நல்ல பெரிய முள்ளா ஒண்ணு குடுங்க" என்று கேட்டால், தெரிந்த கடைக்காரர் எடுத்துத் தர மாட்டார். "எந்த மீனுக்குத் தம்பி?" என்பார். பெரிய மீனுக்குப் பெரிய முள் என்பது புதியவரின் கணக்கு. விளமீனுக்கு உடல்தான் பெரிது, வாய் அப்படியல்ல. உதடு தடித்தது, முன்னால் கோரைப்பல், பக்கத்தில் சிப்பியை நொறுக்கும் கடைவாய்ப்பல். எனவே முள் நடுத்தரமாகவும் கம்பி தடிமனாகவும் இருக்க வேண்டும். மெல்லிய கம்பி முள்ளை அந்தக் கடைவாய் நிமிர்த்திவிடும், அல்லது ஒடித்துவிடும். முள்ளின் எண்கள் குழப்பக்கூடியவை: வெறும் எண் கூடக் கூட முள் சிறுக்கும், எண்ணுக்குப் பின்னால் ஒரு சைபர் சேர்ந்தால், கூடக் கூடப் பெருக்கும். விளமீனுக்கு இரண்டு சைபரிலிருந்து நான்கு சைபர் வரை சரி.

வடிவம் அதைவிட முக்கியம். முனை உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு: இது எதைக் குத்தும்? பசிபிக் தீவுவாசிகள் எலும்பிலும் சிப்பியிலும் இதே வடிவத்தைச் செய்து நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தினார்கள். மீன் இரையை விழுங்கித் திரும்பிப் போகும்போது முள் தொண்டையில் மாட்டாமல் வழுக்கி வந்து கடைவாயில் திரும்பிக் கொள்ளும். நிபந்தனை ஒன்றுதான்: சுண்டக் கூடாது. கடி உணர்ந்தவுடன் கையை வெட்டி இழுப்பது நம்மவர் ரத்தத்தில் ஊறியது. வட்ட முள்ளோடு அப்படிச் செய்தால் முள் வெறுமனே வெளியே வந்துவிடும். நரம்பை மெல்ல இறுக்கிக்கொண்டே போக வேண்டும். இந்த ஒரு பழக்கத்தை மாற்ற முடியாமலே பலர் பழைய முள்ளுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

நரம்பில் சிக்கனம் பார்க்கலாம், ஏமாறக் கூடாது. கைத்தூண்டிலுக்கு 0.60 முதல் 0.80 மில்லிமீட்டர் நைலான் நரம்பு. தூத்துக்குடிக்காரர்கள் தங்கூசி என்பது இதைத்தான். அதைச் சுற்றி வைக்க ஒரு மரக்கட்டையோ பிளாஸ்டிக் பாட்டிலோ போதும். விரலில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை மாட்டிக்கொண்டால் வெட்டு விழாது. இப்போது பின்னல் நூல் பரவலாக வந்திருக்கிறது. அதே பருமனில் இரண்டு மூன்று மடங்கு வலு. மீனின் சின்ன முட்டலும் விரலுக்குத் தெரியும். ஆனால் அது நீளாது, பவளப் பாறையில் உரசினால் சட்டென அறுந்துவிடும். பாறைத் தரையில் பழைய நைலானே மேல். பின்னல் நூல்தான் வேண்டும் என்பவர்கள் நுனியில் இரண்டு முழம் நைலான் கட்டிக்கொள்வது நல்லது. விளமீனின் கண் பெரியது. பகலில் தடித்த நரம்பைக் கண்டு ஒதுங்கும். அந்திக்குப் பிறகு அவ்வளவு பார்க்காது.

ஈயத்தில்தான் அனுபவசாலியையும் புதியவரையும் பிரித்துவிடலாம். புதியவர் முள்ளுக்குப் பக்கத்திலேயே ஈயத்தை இறுக்கிக் கட்டுவார். மீன் இரையைத் தூக்கியதும் கனம் தெரியும், துப்பிவிடும். துளையிட்ட ஈயக்குண்டை நரம்பில் ஓடவிட்டு, கீழே ஒரு சுழலியால் தடுத்து, அதற்கப்புறம் ஒன்றரை முழம் விட்டு முள் கட்டினால், மீன் நரம்பை இழுத்துக்கொண்டு போகலாம். குண்டு தரையில் கிடக்கும். நிற்கும் நீருக்கு இதுவே தக்கது. பாறையிடுக்கில் ஈயம் மாட்டும் இடமென்றால் வேறு உபாயம்: ஈயத்தை மட்டும் ஒரு வலுவற்ற பருத்தி நூலால் தனியே தொங்கவிடுவது. மாட்டினால் நூல் அறுந்து ஈயம் போகும், முள்ளும் மீனும் தப்பும். அங்கே ஈயத்தைக்கூட வீணாக்குவானேன் என்று துருப்பிடித்த நட்டுகளைக் கட்டுகிறவர்கள் உண்டு. கப்பல் பட்டறைகள் இருக்கும் ஊரில் நட்டுக்கு என்ன பஞ்சம்? இதில் சிக்கனம் மட்டுமல்ல, இன்னொரு நன்மையும் இருக்கிறது. சிந்திய ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னங்கள் செத்ததால் பிரிட்டன் 1987-லேயே சிறிய தூண்டில் ஈயங்களுக்குத் தடை விதித்தது. துரு நஞ்சாகாது.

இனி இரை. சாமான்கள் எல்லாம் ஒருமுறை வாங்கினால் தீர்ந்தது. இரை ஒவ்வொரு நாளும் எடுக்க வேண்டிய முடிவு. இறாலுக்கு விளமீன் உட்பட எதுவும் மறுப்புச் சொல்லாது. அதுதான் சிக்கலே. இறால் தரையைத் தொடுமுன் சின்ன மீன்கள் சூழ்ந்துகொள்ளும். கிளாத்தி கொறித்தே தீர்த்துவிடும். பேத்தை நரம்பையும் சேர்த்துக் கடித்துவிட்டு, மேலே வந்தால் வயிற்றை ஊதிக்கொண்டு முறைக்கும். ஐந்து நிமிடத்தில் நான்கு இறால் போனபின், அந்த இறாலையே வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்திருக்கலாமே என்ற எண்ணம் வருவது இயல்பு. இறால் விலை என்ன, பிடிபடும் மீனின் விலை என்ன என்ற கணக்கு ஹேடோவில் யாரையும் விட்டதில்லை.

அதற்கு விடை கணவாய். தோல் தடித்தது, முள்ளில் நிற்கும், கொறிப்பவர்களுக்குச் சலிப்புத் தரும். விரல் அகலப் பட்டையாக வெட்டி, முனை மட்டும் வெளியே தெரியும்படி இருமுறை கோத்தால் இழுப்பிலும் கழலாது. பனிக்கட்டியில் கிடந்த கணவாய் போதும். ஆனால் உருகி மறுபடி உறைந்தது உதவாது, மணம் கழுவிப்போயிருக்கும். சூடை மீனை வெட்டிப் போடுவோரும் உண்டு. எண்ணெய் மணம் நெடுந்தூரம் பரவும் என்றாலும் சதை மென்மை. நூலால் நாலு சுற்றுக் கட்டாமல் அதை நம்ப முடியாது.

பெரிய மீனை மட்டும் குறிவைத்தால் நண்டுக்கு நிகரில்லை. விளமீனின் கடைவாய்ப்பல் எதற்காக இருக்கிறதோ அதையே கொடுப்பதுதானே முறை? எலுமிச்சை அளவு நண்டின் கொடுக்குகளை ஒடித்துவிட்டு, ஓட்டின் ஓரத்தில் முள்ளை ஏற்ற வேண்டும். சின்ன மீன் அதைத் தொட முடியாது. கடி வரக் காத்திருக்க வேண்டும்; அரை மணியில் ஒன்றும் வராமலே போகலாம். வந்தால் அது பெரியது. பவளத்திட்டில் சங்கு, சிப்பி பொறுக்கி உடைத்து இரையாக்கும் பழைய வழக்கத்தைச் சிலர் இன்னும் சொல்வார்கள். அதில் இறங்கக் கூடாது. அந்தமானில் பல சங்கினங்கள் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. தென்னை நண்டும் அப்படியே.

இங்கிலாந்துக்காரர் இந்த இடத்தில் ஒரு யோசனை சொல்வார்: கூட்டத்தை நிறுத்தி வை. அங்கே ரொட்டித்தூள், சோளம், புழு எல்லாம் பிசைந்து உருண்டையாக்கிக் கிலோக்கணக்கில் ஒரே இடத்தில் கொட்டுவார்கள். மேய்ந்துகொண்டே நகரும் பிரீம் கூட்டம் அங்கேயே தங்கிவிடும். நம் ஏரிகளில் கட்லாவுக்கும் ரோகுவுக்கும் தவிடும் புண்ணாக்கும் உருட்டிப் போடுவது அதே தந்திரம்தான். ஹேடோவில் மீன்கழிவை நசுக்கிப் போட்டால் விளமீன் நிற்கும் என்பது உண்மை. கூடவே வேறொன்றும் வந்து நிற்கும்.

உப்புநீர் முதலை. ஹேடோவில் நெடுங்காலம் இருந்த வனத்துறையின் சிறு மிருகக்காட்சிசாலை இந்த முதலைகளை வளர்த்ததற்குப் பெயர்பெற்றது; அங்கே கம்பிக்குப் பின்னால் பார்த்தவர்கள் பலர். உள்வாயின் அலையாத்திக் காட்டில் கம்பி கிடையாது. 2010 ஏப்ரலில் ஹாவ்லக் தீவில் (2018 முதல் ஸ்வராஜ் த்வீப்) அமெரிக்கச் சுற்றுலாப் பயணி ஒருவரை முதலை கொன்ற பிறகுதான், தெளிந்த கடற்கரையிலும் அது வரும் என்பது நாடு முழுவதும் தெரிந்தது. மீன்கழிவும் இறைச்சிக்கழிவும் கொட்டும் இடங்களை முதலை நினைவில் வைத்துக்கொள்ளும். ஆகவே இங்கே இரை தூவுவது சாமர்த்தியமல்ல, அக்கம்பக்கத்தாருக்குச் செய்யும் தீங்கு. இருட்டில் முழங்கால் நீரில் இறங்கி நிற்பதும், நீரோரத்தில் குந்தி மீனைக் கழுவுவதும் அதே கணக்கு. தெரிந்தவர்கள் மேட்டில் நிற்பார்கள். மிச்ச இரையைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கே கொண்டுபோவார்கள்.

முதலை பயம் கூடுதலாக இருக்கும் இடமே உண்மையான நிலைநீரும்கூட. உள்வாய் முடியும் சிப்பிகாட் பகுதி 2004 டிசம்பர் 26 வரை வயலாக இருந்தது. அன்றைய பூகம்பத்தில் தெற்கு அந்தமானின் இந்தப் பக்கம் சுமார் ஒரு மீட்டர் இறங்கியது. வரப்பைத் தாண்டி வந்த கடல் திரும்பிப் போகவில்லை. நெல் விளைந்த இடத்தில் மடவையும் கொடுவாயும் வந்தன, பட்டுப்போன தென்னைகள் நெடுநாள் நீரில் நின்றன, கொக்குகள் கூடின. முழங்கால் ஆழம் முதல் ஆள் ஆழம் வரை பரந்து கிடக்கும் இந்த நீரில் ஈயமே தேவைப்படாது. ஒரு தக்கையும் ஓர் இறாலும் போதும். அந்தச் சுலபத்தை நிலம் இழந்த விவசாயியிடம் போய்ச் சொல்லிவிட முடியாது. தூண்டில் போட நல்ல இடம் என்று வெளியூர்க்காரர் வியக்கும் நீருக்கடியில் அவருடைய வரப்பு இருக்கிறது.

பிடித்ததில் எதை வைத்துக்கொள்வது என்பதையும் கடையில் முள் வாங்கும்போதே பாதி தீர்மானித்துவிடுகிறோம். சின்ன முள்ளும் இறாலும் போட்டால் உள்ளங்கை அகல விளமீன் குஞ்சுகள் வரிசையாக வரும். வறுவலுக்கு ஆகும், கவுரவத்துக்கும் குறைவில்லை. ஆனால் விளமீன் மெல்ல வளரும் மீன். இருபது ஆண்டுக்கு மேல் வாழக்கூடியது. இந்தக் குடும்பத்தில் பல இனங்கள் பெண்ணாக வளர்ந்து, பெரிதான பிறகே ஆணாகின்றன. குஞ்சுகளை வாரினால் நாளைய பெண்கள் போகின்றன. பெரிசுகளை மட்டுமே வாரினால் ஆண்கள் போகின்றன. 1998-லும் 2010-லும் கடல் வெப்பம் உயர்ந்து அந்தமான் பவளப்பாறைகள் வெளிறின. பாறை நொடித்தால் அதை நம்பி மேயும் மீனும் நொடிக்கும். மூன்று சைபர் முள்ளும் நண்டும் போடுகிறவர் குஞ்சைத் தொடுவதில்லை. வட்ட முள்ளென்றால், வேண்டாததைக் காயமின்றித் திரும்ப விடவும் முடியும். பெரிதாக இரண்டு கிடைத்தால் எழுந்துவிடுகிற சிலர் ஹேடோவில் இருக்கிறார்கள். நீர் இன்னும் நின்றுகொண்டிருக்கும்போதே நரம்பைச் சுற்றுவது எளிதல்ல.

சட்டம் தன் பங்குக்குச் சில கோடுகள் போட்டிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இயந்திரப் படகுகளுக்கு விடுமுறை; பாரம்பரியப் படகுக்கு விலக்கு உண்டு. 2003-ன் கடல்மீன்பிடி ஒழுங்குமுறைப்படி மீன்பிடி படகுக்கு உரிமம் வேண்டும். வண்டூரில் 1983-ல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் தூண்டிலை எடுக்கவே கூடாது. டோங்கியில் ஏறுமுன் எல்லை எங்கே என்று கேட்டுக்கொள்வது உத்தமம்.

காலம் எது? மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றும் மழையும். உள்வாயில் அலை இல்லாவிட்டாலும் நீர் சிவந்து கலங்கிவிடும். மணத்தை நம்பிக் கணவாயும் சூடையும்தான் போட வேண்டும். டிசம்பர் கடந்து ஏப்ரல் வரை நீர் தெளிவு. நரம்பை மெல்லியதாக்க வேண்டிய பருவம். இன்னொன்றையும் வெளியூர்க்காரர் மறந்துவிடுவார். கடிகாரம் இந்திய நேரம், சூரியன் அப்படியல்ல. டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். அலுவலகம் முடிந்து நிதானமாக வந்தால் இருட்டோடுதான் பேச வேண்டும். விளமீன் மேயத் தொடங்கும் வேளையும் நீர் நிற்கும் வேளையும் ஒன்றாக அமைவது மாதத்தில் சில நாள்தான். அந்த நாட்களில் சாத்தம் பக்கம் பேச்சு குறைந்துவிடும். டியூப் ரப்பர் மாட்டிய விரலில் நரம்பு கிடக்கும். அக்கரையில் விளக்குகள் ஏறும். படகு போன அலை வந்து கரையைத் தட்டி அடங்கும். பிறகு நரம்பு மெல்லச் சாயத் தொடங்கும். மீன் அல்ல, வற்றம். பாட்டிலில் சுற்ற வேண்டியதுதான். நாளைக்கு நீர் நிற்பது சுமார் 50 நிமிடம் தள்ளி. நாளை நவமி வேறு.